கல்லறைத் தூசி குடித்தவனின் அக்காள்

பசீலாவைக் கோயிலின் வடக்குச் சுவரை ஒட்டிப் புதைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரோரம் படுத்திருப்பவர்கள் எல்லாரும் பெரிய இடத்து ஆட்கள். குருமார்கள், நிலச்சுவான்தார்கள், ஒரு கோமானின் மனைவி. அவர்கள் நடுவே இவள் ஒருத்திதான் துடைப்பம் பிடித்தவள். அந்த இடத்தை ஆயர் பத்தேரியுஸ் தாம் சாகும் முன்பே சொல்லி வைத்துவிட்டுப் போனார். பெரிய வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். சுளித்து என்ன செய்ய? ஆயரின் சொல்லைத் தாண்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அவள் இந்த ஊர்க்காரி இல்லை. லிகெர் ஆற்றில் மேலே போனால் வரும் ஏதோ ஒரு குக்கிராமம். ஒரு வெள்ளத்தில் அப்பா, அம்மா, வீடு, ஆடு எல்லாம் போக, தம்பி தாதோவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரையோரமாகவே நடந்து வந்து சேர்ந்தாள். போக்கிடம் இல்லாதவர்கள் எங்கே போவார்களோ அங்கேதான் அவளும் போனாள், புனிதரின் கோயில் வாசலுக்கு. எங்கள் ஊரில் புனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஐயா என்போம். ஐயா கல்லறைக்குள் படுத்திருக்கிறார், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அவளுக்குத் துடைப்பம் கொடுத்தார்கள். தரையில் சொட்டும் மெழுகைச் சுரண்ட வேண்டும், கல்லறையைத் துடைக்க வேண்டும், பீடத்துத் துணிகளை ஆற்றில் அலச வேண்டும். கூலியாக ரொட்டியும் மொச்சைக் கஞ்சியும் கிடைக்கும், திருநாளில் புளித்த திராட்சை ரசம் ஒரு குவளை. அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "கொஞ்சம் தள்ளிப் படுங்க ஐயா, இந்த மூலையிலதான் குப்ப சேருது" என்று கல்லறையோடு பேசிக்கொண்டேதான் பெருக்குவாள். முட்டி போட்டு வேண்டிக்கொண்டிருப்பவர்கள் கண்ணை மூடியபடியே சிரிப்பார்கள்.

தாதோ வளர்ந்து கோவேறு கழுதை ஓட்டினான். தோள் இரண்டும் கதவு அகலம். அந்தத் தோள்தான் அவனுக்கு எமனாக வந்தது.

அரசருடைய கோபத்துக்கு ஆளான ஒருவன் ஓடி வந்து ஐயாவின் கோயிலில் அடைக்கலம் புகுந்தான். பீடத்துத் துணியைப் பிடித்துக்கொண்டவனை யாரும் தொடக்கூடாது. ராசாவே ஆனாலும் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்போது ஊரை ஆண்ட கோமானுக்கு அந்தப் பொறுமை இல்லை. கதவை உடைக்க ஆள் தேடினான். நல்ல உடம்புள்ள நாலைந்து பேரைப் பிடித்து, குடிக்கக் கொடுத்து, கூட்டி வந்தான். பக்கவாட்டுக் கதவு தாதோவின் தோளுக்குத்தான் பிளந்தது. உள்ளே ஓடிய மற்றவர்கள் அந்த மனிதனைப் பீடத்தடியிலேயே வெட்டினார்கள். மறுநாள் காலை அந்த ரத்தத்தைக் கழுவியவள் பசீலா.

அந்தக் கோடையிலேயே ஊருக்குள் சீதபேதி வந்தது. கதவு உடைத்தவர்கள் முதலில் விழுந்தார்கள். ஐயா எழுந்துவிட்டார் என்று ஊர் நடுங்கியது. தாதோவும் விழுந்தான். பத்தேரியுஸுக்கு முன்னிருந்த பழைய ஆயர் அவனைச் சபைக்குப் புறம்பாக்கியிருந்தார், அவனோடு உண்ணக்கூடாது, பேசக்கூடாது, தண்ணீர் கொடுக்கக்கூடாது. தோல் பதனிடுகிறவர்களின் ஓடைக்கு அப்பால் ஒரு கொட்டகையில் கிடந்தான். பசீலா போனாள். எல்லாம் தெரிந்துதான் போனாள்.

"அக்கா, ஐயாகிட்ட சொல்லு, கதவ ஒடைச்சது நான்தான்னு" என்றான் அவன். "வேற யார் மேலயும் கோவப்பட வேண்டாம்னு சொல்லு. நான் வந்து சொல்ல எனக்கு மொகம் இல்ல."

அவள் திரும்பிக் கோயிலுக்கு ஓடினாள். கல்லறைமேல் படியும் தூசியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பிழைத்தவர்கள் இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ஆனால் அதைக் குரு எடுத்துக் கொடுக்க வேண்டும், சபைக்குப் புறம்பானவனுக்கு யார் கொடுப்பார்கள்? அவள் கல்லைத் துடைப்பது போலக் குனிந்து, பிளவுகளில் நகத்தை விட்டுச் சுரண்டினாள். பத்து விரல் நகத்துக்குள்ளும் தூசியை அடைத்துக்கொண்டு, கையை மடக்கி முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். கொட்டகையில் ஒரு குவளைத் தண்ணீரில் விரல்களைக் கழுவி அவன் வாயில் வைத்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தான். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

மறுநாள் மதியம் செத்துப்போனான்.

ஆற்றங்கரை மரங்களுக்கு நடுவே அவளே குழி தோண்டிப் புதைத்தாள். அவள் அவனுடைய அக்காள் என்று தெரிந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கோடையிலேயே போய்விட்டார்கள். மீதிப் பேர் இரக்கப்பட்டு வாயைத் திறக்கவில்லை. ஆனால் தாதோவின் சாவைப் பற்றி மட்டும் ஊர் வாய் மூடவில்லை. ஐயாவை வைதுகொண்டே செத்தான் என்றார்கள். ஒரு வருடம் கழித்து, நாய் மாதிரிக் குரைத்தான் என்றார்கள். அடுத்த வருடம் நாக்கு அழுகி விழுந்தது என்றார்கள். அவள் மெழுகைச் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஆளில்லாத நேரத்தில் கல்லறையிடம், "நீங்களாச்சும் சொல்லுங்க, ஏன் ஐயா எடுத்துக்கிட்டீங்க? அவன் குடிச்சானே" என்பாள்.

பழைய ஆயரும் அதே பேதியில் போக, புது ஆயராக வந்தவர்தான் பத்தேரியுஸ். ஆள் குள்ளம். வயிறு ஒரு நாள் நன்றாக இருந்தால் மூன்று நாள் படுத்தும். கழுத்தில் ஒரு சிறு பையில் கல்லறைத் தூசியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். வலி வந்தால் வைத்தியரைக் கூப்பிட மாட்டார், பையைத்தான் தடவுவார். சின்ன வயதில் காய்ச்சலில் சாகக் கிடந்தவரை அந்தத் தூசிதான் எழுப்பி உட்கார வைத்ததாம். அப்படிப்பட்ட மனிதர், அந்த வயிற்றை வைத்துக்கொண்டு, உட்கார்ந்து எழுதினார் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் மயிர் கூச்செறிகிறது. உலகம் படைத்த நாளிலிருந்து தொடங்கி, ராசாக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டது, ஆறு பெருகியது, பஞ்சம், வானத்தில் தெரிந்த தீ, ஐயா நடக்கவைத்த முடவர்கள் எல்லாம் தோல் ஏட்டில் ஏறின. சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் அப்படி எழுத வரவில்லை. படிப்பே செத்துக்கொண்டிருந்த காலம். ஒருவர் உட்கார்ந்து எழுதாவிட்டால் நாங்கள் இருந்த சுவடே தெரியாமல் போயிருக்கும்.

எழுதியதைப் பசீலாவுக்கு வாசித்துக் காட்டுவது அவருடைய வழக்கம். பின்னறையில் அவர் மேசையடியில் அவள் மெழுகைச் சுரண்டுவாள், அவர் வாசிப்பார். குருவுக்கு அடுத்த படியில் இருந்த தியாக்கோன் நன்னினுக்கு இது அறவே பிடிக்காது. அரண்மனையில் படித்தவன், ஆயருக்கு வலக்கை. "ஆண்டகையே, இலக்கணம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டலாமே" என்பான்.

"இலக்கணம் தெரிஞ்சவன் நாலு பேர் இருப்பான்ப்பா. இவளுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்பார் ஆயர்.

பசீலாவும் சும்மா கேட்க மாட்டாள். "நிறுத்துங்க ஆண்டகையே. இப்ப செத்தது அண்ணனா தம்பியா? எல்லாத்துக்கும் ஒரே மாதிரிப் பேர வச்சுத் தொலைச்சிருக்காங்க" என்பாள். ஆயர் சிரித்துவிட்டு இறகை மையில் தோய்த்து அந்த இடத்தைத் தெளிவாக்குவார்.

ஒரு நாள் சாயங்காலப் பூசைக்கு முன்னால் வாசித்தது கதவு உடைத்த கதை. அவர் வருவதற்கு முன் நடந்தது என்பதால் ஊரில் கேட்டும் நன்னினைக் கேட்டும் எழுதியிருந்தார். கோமான் எப்படி முடிந்தான், கூட வந்தவர்கள் எப்படி முடிந்தார்கள் என்று வரிசையாக வந்தது. "அவர்களுள் தாதோ என்னும் கழுதையோட்டி, புனிதரைப் பழித்தவாறே, நாய்போல் ஊளையிட்டு உயிர்விட்டான். இதைக் கேட்போர் அஞ்சுவாராக."

சுரண்டும் சத்தம் நின்றது.

"பொய்" என்றாள் பசீலா.

நன்னின் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "ஏய், யார்கிட்ட பேசுற?"

"ஊரே அப்படித்தானேம்மா சொல்லுது" என்றார் ஆயர்.

"ஊரு அங்க இல்ல ஆண்டகையே. நான் இருந்தேன். அவன் என் தம்பி."

எல்லாவற்றையும் சொன்னாள். கதவை உடைத்ததை மறைக்கவில்லை. நகத்தில் தூசி அடைத்து வந்ததையும் மறைக்கவில்லை. ஆயரின் கை தன்னையறியாமல் கழுத்துப் பைக்குப் போனது.

"திருடியிருக்கா!" என்றான் நன்னின். "ஐயாவோட கல்லறையிலயே திருடியிருக்கா. அதுவும் சபைக்குப் புறம்பானவனுக்கு!"

"ஐயாகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். அவரு வேண்டாம்னு சொல்லலியே."

"ஆண்டகையே, ஒண்ணு யோசிங்க" என்று நன்னின் குரலைத் தாழ்த்தினான். அவன் கெட்டவன் இல்லை, கோயிலை நினைத்துத்தான் பேசினான். "மனசு திருந்தினான், தூசியக் குடிச்சான், அப்புறமும் செத்தான்னு எழுதுவீங்களா? நாளைக்கு எவன் குடிப்பான்? நீங்க எழுதின இத்தன அற்புதமும் என்ன ஆகும்?"

நன்னின் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. ஆயர் எழுதிய புத்தகம் முழுக்க அந்தத் தூசிதான். அவர் உயிரோடு இருப்பதே அந்தத் தூசியால்தான்.

"செத்து இத்தன காலம் ஆச்சு. இப்ப எதுக்கும்மா உனக்கு இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ன இப்பிடிக் கேக்குறீங்க? கடைசி நாள்ல புத்தகம் தொறப்பாங்கன்னு பூசையில நீங்கதான வாசிச்சீங்க. செத்தவங்களையெல்லாம் நிக்க வச்சு, அதுல எழுதியிருக்கிறத வாசிச்சுத் தீர்ப்புச் சொல்வாங்கன்னு. இந்தப் புத்தகத்த வாசிச்சா என் தம்பிக்கு என்ன தீர்ப்பு வரும்?"

நன்னின் சிரித்துவிட்டான். "அடிப் பைத்தியமே! அது விண்ணகத்துல இருக்கிற புத்தகம்டி!"

"அதையும் யாராச்சும் எழுதித்தான ஆகணும்? இங்க எழுதுறது இவரு ஒருத்தர்தான்" என்றாள் பசீலா.

ஆயர் சிரிக்கவில்லை. அவருடைய முகம் வெளுத்ததை நன்னினே பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறான். தம் கையில் இருந்த இறகைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாராம். ராசாக்களைப் பற்றி எழுதியபோதெல்லாம் வராத பயம் அப்போது வந்தது. அவர் எழுதி முடித்த செத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவராவது எழுந்து வந்து, அப்படி இல்லை ஆண்டகையே என்று சொல்ல முடியுமா?

"ஐயா முன்னால சத்தியம் பண்ணுவியா?" என்றார்.

இங்கே அது விளையாட்டுக் காரியம் இல்லை. பெரிய மனிதர்கள் சத்தியம் செய்தால் கூடவே கை தூக்க ஆட்களைக் கூட்டி வருவார்கள். ஆளில்லாத ஏழை கல்லறைமேல் கை வைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும், சாட்சிக்கு ஐயா. அதற்கு முந்தின அறுவடையின்போது ஒருவன் காளைமாட்டு வழக்கில் அந்தக் கல்லில் கை வைத்துப் பொய் சொன்னான், தூக்கிய கை இறங்கவே இல்லை. இன்னும் அந்தக் கையோடுதான் சந்தையில் திரிகிறான்.

"பண்றேன்" என்றாள் பசீலா.

செய்தி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம்? கோயில் வாசலில் உட்கார்ந்து பிச்சை வாங்கும் லியோபாக் கிழவிக்குக் கண் தெரியாது, ஆனால் ஊர்ச்செய்தி எதுவும் அவளைத் தாண்டிப் போகாது. பசீலாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி. அன்றைக்கு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பசீலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? உண்மையச் சொல்ற, சரி. தூசி எடுத்தியே, அதுக்கு ஐயா கோவமா இருந்தாருன்னா? கைய வச்சதும் அடிச்சுப் போட்டுட்டாருன்னா?"

"அதான்டி எனக்கும் பயமா இருக்கு."

"நீ விழுந்தா உன் தம்பி பேரு இன்னும்ல நாறும். தம்பியும் திருடன், அக்காளும் திருடின்னு பாடுவாங்க. பேசாம வாய மூடிக்கிட்டு மெழுகச் சொரண்டு."

"சொரண்டிக்கிட்டேதான இருந்தேன் இத்தன வருசமா? அவன் நாய் மாதிரி ஊளையிட்டான்னு அவங்க சொன்னப்பல்லாம் நானும் கூட நின்னுதான கேட்டேன்?" என்றாள் பசீலா. கிழவி தன் ரொட்டியில் பாதியை அவள் கையில் திணித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தோல் பதனிடுகிறவர்கள், படகோட்டிகள், மீன் விற்கிற பெண்கள், பெரிய வீட்டார், எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். பசீலா துவைத்த கம்பளி அங்கி உடுத்தி வந்தாள். தினமும் துடைத்த கல்தான். நகரச் சொல்லி அதட்டிய கல்தான். ஆனால் அன்றைக்கு அதன் பக்கத்தில் போக அவளுக்குக் கால் வரவில்லை. மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அது மலை மாதிரி நின்றது. உள்ளே இருப்பவர் யார் என்பது அப்போதுதான் முதல் தடவையாக அவளுக்கு உறைத்தது.

வலக்கையைக் கல்லில் வைத்தாள். இடக்கையைத் தூக்கினாள்.

"என் தம்பி தாதோ இந்தக் கோயில் கதவ ஒடைச்சான். அது உண்மை" என்றாள். கூட்டம் முணுமுணுத்து அடங்கியது. "அவன் உங்கள ஒரு வார்த்த வையல. நான்தான் பண்ணேன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னான். உங்க தூசியக் குடிச்சான், சிலுவ போட்டுக்கிட்டான், செத்தான். இதுவும் உண்மை. தூசிய எடுத்தது நான். அதுக்குத் தண்டிக்கிறதா இருந்தா என்னைய மட்டும் தண்டிங்க ஐயா. அதுக்காக மத்தது பொய்யின்னு ஆயிட வேண்டாம்."

கையை எடுக்கவில்லை. அத்தனை சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் விழுவதற்காகக் காத்திருந்தது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். நன்னின் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ செபித்துக்கொண்டிருந்தான், யாருக்காக என்று தெரியாது. மெழுகு உருகிச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அவளுடைய கை கல்லின்மேல் அப்படியே இருந்தது.

ஆயர்தான் கடைசியில் வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கையை எடுத்துவிட்டார். தூக்கிய இடக்கையும் இறங்கியது. விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன. எல்லாரும் பார்த்தார்கள். முன்வரிசையில் நின்ற படகோட்டி ஒருவன் முட்டி போட்டான். அவன் பின்னால் ஒவ்வொருவராக ஊரே முட்டி போட்டது.

அதற்குப் பின் சில நாட்கள் ஆயர் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. வயிற்றுவலி என்றார்கள். நன்னின் கொண்டுபோன கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. பிறகு ஒரு காலையில் பசீலாவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வழக்கம்போலத் தரையில் உட்காரப் போனாள். நாற்காலியைக் காட்டினார். அவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை, நுனியில் ஒட்டிக்கொண்டாள். மேசைமேல் இருந்த ஏட்டில் பழைய வரிகளைக் கத்தியால் சுரண்டியிருந்த இடத்தில் தோல் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. அதன்மேல் புது மை.

வாசித்தார். இந்தத் தடவை குரல் வழக்கம்போல ஓடவில்லை.

"தாதோ என்னும் கழுதையோட்டி கதவை உடைத்தான். பின்பு மனம் வருந்தினான். புனிதரின் கல்லறைத் தூசியை நம்பிக்கையோடு குடித்தான். ஆயினும் இறந்தான். அதே தூசியால் பாவியாகிய நான் பிழைத்தேன். அவன் ஏன் பிழைக்கவில்லை என்று நான் அறியேன்."

பசீலா காத்திருந்தாள். இன்னும் வரும் என்று நினைத்தாள். அவர் எப்போதும் முடிவில் ஒரு காரணம் வைப்பார். ராசா செத்தால் எந்தப் பாவத்துக்காக, வெள்ளம் வந்தால் எதற்காக என்று அவருக்குத் தெரியாதது கிடையாது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

"உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாதும்மா" என்றார் ஆயர் பத்தேரியுஸ்.

தாதோ ஏன் செத்தான் என்பது மீன்காரிக்குத் தெரியும், தோல்காரனுக்குத் தெரியும், கோமானின் வேலைக்காரனுக்குக்கூடத் தெரியும். தெரியாது என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் இவர்தான். பசீலா நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். தம்பிக்குக் குழி தோண்டிய அன்றைக்குக்கூட அழாதவள், அப்போது வாய்விட்டு அழுதாள். ஆயர் ஏட்டை மூடாமல் வைத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.